வேகத்தின் இரு வழிகள்

விரைந்து செல்லும் ஊர்தியின்மீது மனிதனுக்குள்ள ஆசை இன்று நேற்றுத் தோன்றியதன்று. குதிரை பூட்டிய தேரிலிருந்து மோட்டார் கார் வரையில் அந்த ஆசை வடிவம் மாறி வந்திருக்கிறதே ஒழியக் குறைந்ததில்லை. பண்டம் சுமப்பதையோ குடும்பத்தை ஏற்றிச் செல்வதையோ முதல் நோக்கமாகக் கொள்ளாமல், ஓட்டும் இன்பத்தையும் வேகத்தையும் கருதியே செய்யப்படும் காரை ஸ்போர்ட்ஸ் கார் என்று வழங்குகிறோம். இங்கிலாந்து, இத்தாலி, ஜெர்மனி ஆகிய நாடுகள் இக்கலையில் நெடுநாட் பழக்கம் உடையவை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் புதிய முனைப்புடன் இத்துறையில் இறங்கி, ஒன்றை ஒன்று கவனித்தும், ஒன்றோடொன்று போட்டியிட்டும், ஒன்றிடமிருந்து ஒன்று கற்றும் வளர்ந்தவை அமெரிக்காவும் ஜப்பானும்.

இவ்விரு நாட்டுக் கார்களையும் அருகருகே நிறுத்தி, ‘எது சிறந்தது?’ என்று வாதிடுவது கார்ப் பிரியர்களின் வழக்கம். இத்தனை குதிரைச் சக்தி, இத்தனை விநாடியில் இத்தனை மைல் வேகம் என்று பட்டியல் போட்டுவிட்டால் வழக்குத் தீர்ந்துவிடும் என்று அவர்கள் கருதுகின்றனர். வரலாற்றை ஆராயப் புகும் நமக்கு அப்பட்டியல் போதாது. ஒரு கார் ஏன் அவ்விதம் பிறந்தது என்று அறியவேண்டுமாயின், அது ஓடிய சாலை, அது குடித்த பெட்ரோலின் விலை, அதற்கு விதிக்கப்பட்ட வரி, அதை அடக்கிய சட்டம் ஆகிய நான்கையும் நோக்கவேண்டும். அமெரிக்கக் கார் மிகுதியின் குழந்தை. ஜப்பானியக் கார் பற்றாக்குறையின் குழந்தை. மிகுதி குறைந்தபோது முன்னது தடுமாறியது. வளம் பெருகியபோது பின்னது தன்னைத் தானே கட்டுப்படுத்திக்கொள்ள நேர்ந்தது. இந்தக் கதையைத்தான் இங்கே முறையாகக் காண்போம்.

முதலில் யந்திரத்தைப் பற்றி இரண்டொரு சொற்கள். எஞ்சினின் சக்தி இரண்டு வழிகளில் கிடைக்கிறது. ஒவ்வொரு சுழற்சியிலும் எவ்வளவு எரிபொருளை எரிக்கிறது என்பது ஒன்று; ஒரு நிமிஷத்தில் எத்தனை முறை சுழல்கிறது என்பது மற்றொன்று. மண் சுமக்கும் இரண்டு ஆட்களை எண்ணிப் பார்ப்போம். ஒருவன் பெரிய கூடை நிறைய மண் எடுத்து நிதானமாக நடக்கிறான். மற்றவன் சிறு கூடையுடன் ஓடி ஓடிப் பல நடை போடுகிறான். பொழுது சாயும் வேளையில் இருவரும் கொட்டிய மண் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கக்கூடும். பெரிய கூடை அமெரிக்க எஞ்சின். சிறு கூடை ஜப்பானிய எஞ்சின். எஞ்சினின் கொள்ளளவை லிட்டர் கணக்கில் சொல்லும்போது, அது கூடையின் அளவு என்று நேயர்கள் கொள்ளலாம்.

1953-ஆம் ஆண்டு ஜனவரியில் நியூயார்க் நகரத்து வால்டார்ப் அஸ்டோரியா ஹோட்டலில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி ஒரு கண்காட்சி நடத்தியது. ஷெவர்லே கார்வெட் என்னும் கார் அங்கேதான் முதன்முதலாக மக்கள் பார்வைக்கு வந்தது. போர் முடிந்து ஐரோப்பாவிலிருந்து திரும்பிய வீரர்கள் பலர், அங்கே கண்ட சிறிய ஆங்கிலக் கார்களில் மனத்தைப் பறிகொடுத்திருந்தனர். அந்த ஆசைக்கு உள்நாட்டிலேயே விடை காணவேண்டும் என்று வடிவமைப்புத் தலைவர் ஹார்லி ஏர்ல் எண்ணினார். வண்டியின் மேற்கூடு இரும்புத் தகட்டுக்குப் பதிலாகக் கண்ணாடி நாரும் பிசினும் சேர்த்து வார்க்கப்பட்டது. முதல் ஆண்டில் மிஷிகன் மாநிலத்து பிளின்ட் நகரில் 300 வண்டிகளே செய்யப்பட்டன. அழகு இருந்தது, அதற்கு ஈடான வேகம் இல்லை. ஆறு சிலிண்டர் எஞ்சின் 150 குதிரைச் சக்தியே தந்தது. கியர்ப் பெட்டியோ இரண்டே கியர் உள்ள தானியங்கிப் பெட்டி.

அந்தக் கண்காட்சிக்கு வந்தவர்களுள் ஜோரா ஆர்க்கஸ் டன்டாவ் என்பவர் ஒருவர். பெல்ஜியத்தில் பிறந்த ரஷ்ய வழியினர். பெர்லினில் பொறியியல் கற்றவர். காரின் வடிவைக் கண்டு வியந்து, அதே ஆண்டில் ஜெனரல் மோட்டார்ஸில் வேலைக்குச் சேர்ந்தார். பழைய கார்களை வாங்கி, எஞ்சினைத் திருத்தி, வேகம் கூட்டி ஓட்டும் இளைஞர் கூட்டம் நாடெங்கும் பெருகுகிறது. அவர்களை நம் பக்கம் இழுக்கவேண்டும் என்று 1953 டிசம்பரில் அவர் தம் மேலதிகாரிகளுக்கு ஒரு குறிப்பு எழுதினார். 1955-ஆம் ஆண்டு கார்வெட்டுக்கு எட்டுச் சிலிண்டர் எஞ்சின் வந்தது. 1957-இல் அது 4.6 லிட்டராக வளர்ந்து, எரிபொருளைப் பீய்ச்சிச் செலுத்தும் கருவியின் துணையால் 283 குதிரைச் சக்தி வரை அளித்தது. நான்கே ஆண்டுகளில் அலங்கார வண்டி மெய்யான வேகக் காராகிவிட்டது.

இந்த வளர்ச்சிக்கு நாட்டின் நிலைமை துணை நின்றது. பெட்ரோல் மலிவாகக் கிடைத்தது. 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 41,000 மைல் நீளமுள்ள தேசிய நெடுஞ்சாலைகளை அமைக்கும் பணி தொடங்கிற்று. சமவெளிகளில் அந்தச் சாலைகள் கண்ணுக்கெட்டிய தூரம் நேராகச் சென்றன. இளைஞர்களின் பந்தயமும் நேர்க்கோட்டுப் பந்தயமே. 1951-ஆம் ஆண்டில் அதற்கென்றே ஒரு தேசியச் சங்கம் அமைந்தது. கால் மைல் தூரத்தை நின்ற நிலையிலிருந்து புறப்பட்டு யார் முதலில் கடப்பது என்பதே போட்டி. அத்தகைய ஓட்டத்தில் வளைவும் இல்லை, பிரேக்குக்கு அதிக வேலையும் இல்லை. புறப்படும் கணத்திலேயே ஓங்கித் தள்ளும் பலம் வேண்டும். அந்தப் பலத்தை எளிதாகவும் மலிவாகவும் தருவது பெரிய எஞ்சின். ஆகவே அமெரிக்கர் எஞ்சினைப் பெரிதாக்கியதை அறியாமை என்று கூறுவது தவறு; தங்கள் சாலைக்கும் தங்கள் பந்தயத்துக்கும் ஏற்றதையே அவர்கள் செய்தனர்.

இதே காலத்தில் ஜப்பானின் நிலை என்ன? 1956-ஆம் ஆண்டு ஜப்பானிய அரசாங்கத்தின் அழைப்பின்பேரில் ரால்ப் வாட்கின்ஸ் என்ற அமெரிக்கரின் தலைமையில் ஒரு குழு அந்நாட்டின் சாலைகளை ஆராய்ந்தது. முக்கிய நகரங்களை இணைக்கும் முதல்தர தேசியச் சாலைகளிலேயே 77 சதவீதம் தளமிடப்படாதவை என்று அக்குழு கண்டது. தொழில்வளம் பெற்ற எந்த நாடும் தன் சாலைகளை இவ்வளவு புறக்கணித்ததில்லை என்றும் அது கடிந்துரைத்தது. ஜப்பானின் முதல் அதிவேக நெடுஞ்சாலைப் பகுதி 1963-ஆம் ஆண்டு ஜூலையில்தான் திறக்கப்பட்டது. நாட்டின் பெரும்பகுதி மலை. எண்ணெய் முழுவதும் கப்பலில் வரவேண்டும். வரிச் சட்டமோ காரின் நீள அகலங்களையும் எஞ்சினின் கொள்ளளவையும் அளந்து பார்த்தது. 4.7 மீட்டர் நீளம், 1.7 மீட்டர் அகலம், 2 லிட்டர் எஞ்சின் என்ற வரம்புக்கு உட்பட்டது சிறிய கார். வரம்பைக் கடந்தால் வரி பன்மடங்கு. நம் நாட்டிலும் நான்கு மீட்டருக்கு உட்பட்ட கார்களுக்கு 2006-ஆம் ஆண்டில் வரிச் சலுகை அளிக்கப்பட்ட பின் அந்த அளவில் எத்தனை வகைக் கார்கள் தோன்றின என்பதை அறிந்தவர்களுக்கு இதன் வலிமை நன்கு விளங்கும். வரி அதிகாரியின் அளவுகோலும் வடிவமைப்பாளரின் எழுதுகோலைப்போல் காரை வரைந்துவிடுகிறது.

அந்தச் சிறு வரம்புக்குள் ஜப்பானியர் புகுத்திய நுட்பம் வியக்கத்தக்கது. 1961-ஆம் ஆண்டில் ஜப்பானிய வாணிப, தொழில் அமைச்சகம் கார் உற்பத்தியைச் சில கம்பெனிகளின் கையில் மட்டும் விட்டுப் புதியவர்களைத் தடுக்கக் கருதியது. மோட்டார் சைக்கிள் செய்து பெயர் பெற்றிருந்த சோய்ச்சிரோ ஹோண்டா அதைக் கடுமையாக எதிர்த்தார். சட்டம் வருமுன் தாமும் கார் உற்பத்தியாளர் என்று நிலைநாட்ட விரைந்தார். 1963-ஆம் ஆண்டு எஸ்-500 என்னும் ஸ்போர்ட்ஸ் காரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். மசோதா நிறைவேறாமலே போயிற்று, கார் நிலைத்துவிட்டது. அடுத்த ஆண்டு வந்த எஸ்-600 காரின் எஞ்சின் 606 கன சென்டிமீட்டரே. அதாவது லிட்டரில் முக்கால் பங்குகூட இல்லை. அதிலிருந்து 57 குதிரைச் சக்தி கிடைத்தது. நிமிஷத்துக்கு 8,500 முறை சுழன்று அந்தச் சக்தியை அது ஈட்டியது. மோட்டார் சைக்கிள் எஞ்சின் செய்து பழகிய கைகள் அல்லவா? லிட்டர் ஒன்றுக்குக் கணக்கிட்டால் அது 94 குதிரைச் சக்தியாகும். 1957-ஆம் ஆண்டுக் கார்வெட்டின் கணக்கு 61 மட்டுமே. சிறு கூடைக்காரனின் ஓட்டம் இதுவே.

1964-ஆம் ஆண்டு இரு நாடுகளிலும் திருப்பமான ஆண்டு. அமெரிக்காவில் போண்டியாக் பிரிவினர், ஜான் டிலோரியன் தலைமைப் பொறியாளராக இருந்த வேளையில், நடுத்தரக் குடும்பக் கார் ஒன்றில் 6.4 லிட்டர் எஞ்சினைப் பொருத்தி ஜீ.டி.ஓ. என்ற பெயரால் விற்றனர். அதன் சக்தி 325 குதிரை. முதல் ஆண்டிலேயே 32,000-க்கு மேல் விலையாயின. ‘தசைக் கார்’ என்று பின்னர் அழைக்கப்பட்ட வகைக்கு அது வழிகாட்டி ஆயிற்று. அதே ஆண்டு ஏப்ரல் 17-ஆம் நாள் நியூயார்க் உலகக் கண்காட்சியில் போர்டு கம்பெனி மஸ்டாங் காரை வெளியிட்டது. அதன் தொடக்க விலை 2,368 டாலர். இரண்டு ஆண்டுகளுக்குள் பத்து லட்சம் மஸ்டாங் கார்கள் செய்யப்பட்டன. சாதாரண வருவாயுள்ள இளைஞனும் வேகத்தை விலைக்கு வாங்கலாம் என்ற நிலை உலகில் இத்தனை பெரிய அளவில் அதற்குமுன் ஏற்பட்டதில்லை.

ஜப்பானில் அதே 1964-ஆம் ஆண்டு மே மாதம், ஹோண்டா கம்பெனி இரண்டாண்டுக்கு முன் அமைத்திருந்த சுசூகா பந்தயச் சாலையில் இரண்டாவது ஜப்பானியக் கிராண்ட் பிரி நடந்தது. பிரின்ஸ் என்னும் கம்பெனி, நான்கு சிலிண்டருக்கென அமைந்த தன் ஸ்கைலைன் குடும்பக் காரின் முன்பாகத்தை நீட்டி, அதில் ஆறு சிலிண்டர் எஞ்சினை நுழைத்துப் போட்டிக்கு அனுப்பியது. எதிரே நின்றது பந்தயத்துக்கென்றே ஜெர்மனியில் செய்யப்பட்ட போர்ஷே 904. ஸ்கைலைன் ஒன்று ஒரு சுற்றில் அதை முந்திச் சென்றபோது மக்கள் ஆரவாரம் செய்தனர். பந்தயத்தை வென்றது போர்ஷேதான். எனினும் இரண்டாம் இடம் முதல் ஆறாம் இடம் வரையில் ஸ்கைலைன் கார்களே வந்தன. 1966-இல் பிரின்ஸ் கம்பெனி நிஸ்ஸானுடன் இணைந்தது. 1969 பிப்ரவரியில் ஸ்கைலைன் ஜீ.டி.ஆர். வெளிவந்தது. பார்வைக்கு நான்கு கதவுள்ள அடக்கமான கார். உள்ளே பந்தயக் காரின் வழியில் வந்த 2 லிட்டர் எஞ்சின். சிலிண்டருக்கு நான்கு வால்வுகள். 160 குதிரைச் சக்தி. வரம்பு 2 லிட்டர் என்றால் அதன் விளிம்பு வரை செல்வது என்ற மனப்பான்மை அதில் தெளிவாகத் தெரிகிறது.

இவ்விரு வழிகளும் ஒரே சந்தையில் எதிர்ப்பட்டது 1970-ஆம் ஆண்டில். நிஸ்ஸானின் அமெரிக்கக் கிளைக்குத் தலைவராக இருந்த யுடாகா கட்டயாமா, அமெரிக்கருக்கு ஏற்ற ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வேண்டும் என்று தலைமை அலுவலகத்தை இடைவிடாது வற்புறுத்தி வந்தவர். ஜப்பானில் பேர்லேடி இஸட் என்ற பெயருடன் பிறந்த காரை, அந்தப் பெயர் அமெரிக்க இளைஞரிடம் எடுபடாது என்று கருதி, டாட்ஸன் 240-இஸட் என்றே அவர் அங்கு விற்றார். தாய்நாட்டில் வரிக்கு அஞ்சி 2 லிட்டர் எஞ்சின், அமெரிக்காவில் 2.4 லிட்டர், 150 குதிரைச் சக்தி. விலை 3,526 டாலர். அவ்வாண்டுக் கார்வெட்டின் விலை 5,000 டாலருக்கு மேல். அதே ஆண்டில் ஷெவர்லே செவல் என்ற தசைக் காரில் 7.4 லிட்டர் எஞ்சினும் 450 குதிரைச் சக்தியும் கிடைத்தன. ஒன்று மற்றொன்றின் மும்மடங்கு கொள்ளளவு. நேர்ச் சாலையில் செவலுக்கு ஈடில்லை. வளைவும் மேடும் பள்ளமும் உள்ள வழியில், எடை குறைந்த டாட்ஸன் தன் தகுதியைக் காட்டியது. அமெரிக்க விளையாட்டுக் கார்ச் சங்கத்தின் தேசியப் பட்டத்தைத் தன் பிரிவில் 1970-லும் 1971-லும் அது வென்றது. முதல் தலைமுறை இஸட் கார்கள் உலகெங்கும் ஐந்து லட்சத்துக்கு மேல் விலையாயின.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை அவசியம். வெவ்வேறு காலத்துக் கார்களின் குதிரைச் சக்தியை அப்படியே ஒப்பிடலாகாது. 1971 வரையில் அமெரிக்கர், எஞ்சினைத் தனியே மேடையில் ஏற்றி, விசிறி, மின் கருவி முதலிய சுமைகளை நீக்கி அளந்தனர். 1972 முதல் அவை யாவும் பொருத்தப்பட்ட நிலையில் அளந்து அறிவித்தனர். அதனால் 1971-இல் 270 என்று அச்சிடப்பட்ட கார்வெட் எஞ்சின் அடுத்த ஆண்டு 200 ஆயிற்று. எஞ்சின் மெலியவில்லை, தராசு திருத்தப்பட்டது. எண் பட்டியலை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்பவர்கள் இத்தகைய இடங்களில்தான் வழுக்கி விழுகின்றனர்.

ஆயினும், மெய்யான மெலிவும் உடனே வந்தது. அதற்குக் காரணங்கள் மூன்று. முதலாவது, உயிர்ச்சேதம். 1966-ஆம் ஆண்டில் மட்டும் அமெரிக்கச் சாலைகளில் 50,000-க்கு மேற்பட்டோர் மாண்டனர். அவ்வாண்டில் வாகனப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அதிவேகக் கார் வைத்திருக்கும் இளைஞரிடம் இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் பெருந்தொகை கேட்கலாயின. இரண்டாவது, காற்று. 1970-ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டம், கார்ப் புகையிலுள்ள நச்சுப் பொருள்களை ஐந்தாறு ஆண்டுகளுக்குள் 90 சதவீதம் குறைக்கவேண்டும் என்று ஆணையிட்டது. மூன்றாவது, எண்ணெய். 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதிக்குத் தடை விதித்தன. சில மாதங்களுக்குள் கச்சா எண்ணெயின் விலை ஏறத்தாழ நான்கு மடங்காயிற்று. 1974-இல் நாடு முழுமைக்கும் மணிக்கு 55 மைல் என்ற வேக வரம்பு வந்தது. அவ்வாண்டு வெளிவந்த புதிய மஸ்டாங்கில் எட்டுச் சிலிண்டர் எஞ்சினே இல்லை. 1975-ஆம் ஆண்டுக் கார்வெட், 5.7 லிட்டர் எஞ்சினிலிருந்து 165 குதிரைச் சக்தியே பெற்றது. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பதை மோட்டார் நகரமான டெட்ராய்ட் பட்டறிந்து கொண்டது.

ஜப்பானும் இந்தச் சோதனைக்குத் தப்பவில்லை. 1970-ஆம் ஆண்டு அங்கே 16,765 பேர் சாலை விபத்தில் இறந்தனர். ‘போக்குவரத்துப் போர்’ என்றே அந்நாட்டார் அதைக் குறிப்பிட்டனர். இரண்டாவது ஸ்கைலைன் ஜீ.டி.ஆர். 1973-ஆம் ஆண்டில் 197 வண்டிகளோடு நின்றுவிட்டது. அப்பெயர் பதினாறு ஆண்டுகள் உறங்கியது. ஆனால் சிறு எஞ்சினில் பழகியவர்களுக்குப் புகைச் சட்டம் ஒரு புதிய புதிராகவே தோன்றியது. விறகடுப்பில் முதலில் சுள்ளியைப் பற்றவைத்து, அதன் தீயைக் கட்டைக்கு ஊட்டுவது போல, சிறு அறையில் செறிந்த கலவையைக் கொளுத்தி, அதனால் பெரிய அறையிலுள்ள மெல்லிய கலவையை முழுதும் எரிக்கும் முறையை ஹோண்டா கம்பெனியார் கண்டனர். அமெரிக்கச் சட்டத்தின் அளவை, புகை வடிக்கும் தனிக் கருவி இன்றியே அவர்கள் எட்டினர். அம்முறையை ஒரு பெரிய ஷெவர்லே இம்பாலா எஞ்சினிலும் பொருத்திக் காட்டினர். அமெரிக்க அரசாங்கத்தின் சோதனையில் அதுவும் தேறியது. அமெரிக்காவில் சட்டத்தின் கெடு மேலும் மேலும் ஒத்திவைக்கப்பட்டது. ஜப்பானிலோ 1978-ஆம் ஆண்டு அதற்கு நிகரான கடுமையான விதி நடைமுறைக்கு வந்துவிட்டது. அந்த ஆண்டுகளில் கற்ற எரியூட்டும் நுட்பமும் மின்னணுக் கட்டுப்பாடும் பின்னர் வேகத்துக்குப் பயன்பட்டன.

1981 முதல் அமெரிக்காவுக்கு அனுப்பும் கார்களின் எண்ணிக்கையை ஜப்பான் தானாகவே வரையறுத்துக்கொண்டது; முதல் ஆண்டுக்குரிய அளவு 16,80,000. எண்ணிக்கை கட்டுப்பட்டபோது, ஒவ்வொரு காரிலும் அதிக விலை பெறவேண்டும் என்ற நாட்டம் பிறந்தது. 1985-ஆம் ஆண்டு ஒப்பந்தத்துக்குப் பின் யென் நாணயத்தின் மதிப்பு உயர்ந்தது. நாட்டில் பணம் பெருகியது. 1989-இல் வரிச் சீர்திருத்தம் பெரிய கார்களின் சுமையையும் தளர்த்தியது. அந்த ஒரே ஆண்டில் வெளிவந்தவற்றைப் பாருங்கள். 2.6 லிட்டர் எஞ்சினுடன் ஸ்கைலைன் ஜீ.டி.ஆர். மீண்டும் பிறந்தது. வெளியேறும் புகையாலேயே ஒரு விசிறியைச் சுழற்றி, எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் டர்போ என்ற கருவி இரண்டு அதில் இருந்தன. எந்தச் சக்கரம் வழுக்குகிறது என்று கணித்து, நான்கு சக்கரங்களுக்கும் பலத்தைப் பங்கிட்டது ஒரு கணிப்பொறி. 1990 முதல் 1993 வரை ஜப்பானியப் பயணக்கார் பந்தயத் தொடரில் அது ஓடிய 29 பந்தயங்களையும் வென்றது. ஹோண்டாவின் என்.எஸ்.எக்ஸ். அவ்வாண்டே சிக்காகோவில் காட்டப்பட்டு, அடுத்த ஆண்டு விற்பனைக்கு வந்தது. அலுமினியத்தால் முழு உடலும் அமைந்த முதல் தொடர் உற்பத்திக் கார் அது. மாஜ்டா எம்.எக்ஸ்-5 என்ற சிறிய திறந்த காரும் அதே சிக்காகோவில் வெளிவந்தது. அந்தக் காருக்கு வித்திட்டவர் பாப் ஹால் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர். அதன் வடிவம் முதலில் கலிபோர்னியாவில் உருவாயிற்று.

வளம் பெருகிய அந்த நேரத்தில்தான் ஜப்பானியர் தாமாகவே ஒரு வேலியிட்டுக் கொண்டனர். 1988-ஆம் ஆண்டில் சாலை மரணம் மறுபடியும் 10,000-ஐக் கடந்தது. அரசாங்கத்தின் கவலையை உணர்ந்த உற்பத்தியாளர்கள், உள்நாட்டில் விற்கும் எந்தக் காருக்கும் 280 குதிரைச் சக்திக்கு மேல் அறிவிப்பதில்லை என்று தம்முள் இசைந்தனர். சட்டமாக எழுதப்படாத இந்த உடன்பாடு 2004 வரை நீடித்தது. அதே எஞ்சினுள்ள டொயோட்டா சூப்ரா, 1993-இல் ஜப்பானில் 280 என்றும் அமெரிக்காவில் 320 என்றும் அறிவிக்கப்பட்டது. அறிவித்த எண் வேறு, எஞ்சினின் மெய்ச் சக்தி வேறு என்ற ஐயத்துக்கு இதில் இடமுண்டு. என்றாலும், எண்ணைக் கூட்ட வழியில்லாதபோது பொறியாளர்கள் சக்கரம், பிரேக், எடை, சமநிலை ஆகியவற்றில் கருத்தைச் செலுத்தினர் என்பதும் உண்மை. பற்றாக்குறை கற்பித்த பாடத்தை இம்முறை அவர்கள் விரும்பியே மீண்டும் படித்தனர்.

அமெரிக்காவும் வாளா இருக்கவில்லை. 1990-ஆம் ஆண்டுக் கார்வெட் இஸட்.ஆர்-1, இங்கிலாந்தின் லோட்டஸ் கம்பெனி வகுத்த 32 வால்வு எஞ்சினால் 375 குதிரைச் சக்தி பெற்றது. கொள்ளளவை மட்டும் நம்பாமல் வால்வின் நுட்பத்தையும் நாடியதற்கு அது அடையாளம். 1992-இல் வந்த டாட்ஜ் வைப்பரோ 8 லிட்டர், பத்துச் சிலிண்டர், 400 குதிரைச் சக்தி என்று பழைய பாட்டையே உரக்கப் பாடியது. ஒரே நாட்டில் இரு மனங்களும் இருந்தன என்பதற்கு இவை சான்று.

இன்றைய நிலை இன்னும் வியப்பானது. என்.எஸ்.எக்ஸ். காரின் இரண்டாம் தலைமுறை, மூன்று மின் மோட்டார்களின் துணையுடன், 2016 முதல் 2022 வரை அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்து மேரிஸ்வில் நகரில் செய்யப்பட்டது. எஞ்சினை ஓட்டுநருக்குப் பின்னால் வைக்கவேண்டும் என்று டன்டாவ் தம் காலம் முழுவதும் போராடினார். அவர் 1996-இல் மறைந்தார். அவருடைய கனவு 2020-ஆம் ஆண்டுக் கார்வெட்டில் நனவாயிற்று. 2023 ஜனவரியில் அறிமுகமான கார்வெட் வகை ஒன்றில், பின்னே 6.2 லிட்டர் எஞ்சின், முன்னே மின் மோட்டார், நான்கு சக்கர இயக்கம் ஆகிய மூன்றும் அமைந்தன. மொத்தம் 655 குதிரைச் சக்தி. பெரிய கூடையை அமெரிக்கர் இன்னும் கைவிடவில்லை. ஆயினும் சக்கரந்தோறும் பலத்தைப் பங்கிடும் கலையை, ஒரு காலத்தில் ஜப்பானின் தனிச் சிறப்பாகக் கருதப்பட்டதை, அவர்களும் மேற்கொண்டுவிட்டனர். 2007-இல் தொடங்கிய நிஸ்ஸான் ஜீ.டி.ஆர். தலைமுறை 2025 ஆகஸ்டில் உற்பத்தி நின்று விடைபெற்றது.

இனி, ‘எது சிறந்தது?’ என்ற கேள்விக்கு என்ன விடை கூறுவோம்? கால் மைல் நேர்ச் சாலையும் மலிவான பெட்ரோலும் இருந்த 1970-இல் அமெரிக்கச் செவலே சிறந்தது. மலைப்பாதையும் வரிச்சீட்டும் முன்னிற்கும் நாட்டில் ஸ்கைலைனும் இஸட் காரும் சிறந்தவை. எண்ணெயும் காற்றும் கணக்குக் கேட்கத் தொடங்கிய பின், கணக்குப் போட்டுப் பழகியவன் முந்தினான். அவனைப் பார்த்து மற்றவனும் கணக்குக் கற்றான். 94-க்கும் 61-க்கும் இடையேயுள்ள வேறுபாட்டை எந்த இனத்தின் பிறவிக் குணமாகவும் கொள்ளவேண்டியதில்லை. சாலையையும் எரிபொருளையும் வரியையும் சட்டத்தையும் இடம் மாற்றி வைத்திருந்தால், ஒருவேளை கார்களும் இடம் மாறிப் பிறந்திருக்கும்.

இந்த வரலாற்றில் வேகத்தின் விலையாக இரு நாடுகளும் மனித உயிரைக் கொடுத்தன என்பதை மறத்தல் கூடாது. 50,000 என்றும் 16,765 என்றும் நாம் மேலே சொன்ன எண்கள் குதிரைச் சக்திப் பட்டியலில் இடம்பெறுவதில்லை. ஆனால் கார்களின் வடிவை மாற்றியதில் அவ்வெண்களுக்கு எந்தப் பொறியாளருக்கும் குறையாத பங்கு உண்டு. நல்ல பிரேக்கும், உறுதியான உடலும், வழுக்காத சக்கரமும் இன்று சாதாரணக் குடும்பக் காருக்கும் கிடைக்கின்றன என்றால், அவற்றுக்கான உழைப்பிலும் சட்டத்திலும் அந்த இழப்புகளின் நிழல் இருக்கிறது. புதிய சாலைகளை அமைத்து, புதிய கார்களை வாங்கத் தொடங்கியிருக்கும் எந்த நாடும் இவ்விரு நாடுகளிடமிருந்து முதலில் கடன் வாங்கவேண்டியது வேகத்தை அன்று. அவை காலம் தாழ்த்திக் கற்ற அளவறிவை.